பத்தே முக்கால் நொடி

வெர்லின் குசேராவின் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டிய எவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். ஒரு கண் தெரியாததை மறைத்துக்கொண்டு காளைகளுக்கு முன்னால் நின்ற கோமாளி. அவரால்தான் காளைமேல் ஏறிய கெய்லன் யோஸ்ட்டின் முழங்கை போயிற்று. முப்பத்து நான்கு வருடமாக இதுதான் பேச்சு. சனிக்கிழமை அவருடைய அடக்க ஆராதனையில் பாதிரியார்கூட அந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "குறையில்லாதவர் யார்" என்று சொல்லித் தாண்டிப் போனார்.

முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். அந்தப் பொய்யைச் சொன்னவர் வெர்லினேதான். அதற்கு முன்னால் சொல்லப்பட்ட இன்னொரு பொய் என்னுடையது. நான் அவர் மனைவி லோர்னா. அன்று கடிகாரம் என் கையில் இருந்தது.

வெர்லினை முதலில் பார்த்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கேர்னிக் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். ஓட்டப் பந்தயத்துக்காகப் பள்ளியில் வைத்திருந்த ஸ்டாப்வாட்சை, துள்ளும் காளைமேல் எட்டு நொடி உட்கார்ந்து காட்டும் எங்கள் கவுன்டி ரோடியோவுக்குக் கேட்டார்கள். கடிகாரத்தோடு சேர்த்து என்னையும் கேட்டார்கள். மேடையில் அறிவிப்பாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே முகம் முழுக்க வெள்ளைப் பூச்சும், இரண்டு பேர் நுழையக்கூடிய காற்சட்டையும், கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் ஆணி வைத்த காலணியுமாக ஒருவர் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சரம்மா, எட்டுன்னா எட்டுல ஹாரன் அடிங்க. ஒன்பதுல அடிச்சீங்கன்னா எனக்கு ஒரு விலா எலும்பு குறையும்."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது வேடிக்கை இல்லை, கணக்கு என்று பட்டது. அடுத்த வசந்தத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

அவரும் முதலில் காளை ஓட்ட வந்தவர்தான். பத்தொன்பது வயதில் ஒரு கோடைகாலம் முழுக்க ஏறினார். மூன்று நொடிக்கு மேல் எதிலும் இருந்ததில்லை. "என் பின்பக்கத்துக்குத் திறமை கிடையாது, கால்ல இருந்துச்சு," என்பார். ஒரு நாள் தன் முறைக்காக வேலியில் உட்கார்ந்திருந்தபோது கீழே விழுந்த ஒருவனைக் காளை திரும்பி வந்து தேடியது. வெர்லின் யோசிக்காமல் குதித்து இரண்டுக்கும் நடுவில் ஓடினார். காளை அவரைத் துரத்தியது, அவர் வேலி ஏறினார், விழுந்தவன் எழுந்து போனான். அன்றிலிருந்து அதுவே வேலை. பதினெட்டு வருடம்.

அவரோடு எப்போதும் ஆர்லோ ஸ்விட்சர் இருப்பார். களத்தின் நடுவில் வைத்த பீப்பாய்க்குள் நின்றுகொண்டு ஜோக்கடிப்பது ஆர்லோவின் வேலை. காளை வந்து பீப்பாயை முட்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். கூட்டம் சிரித்தது ஆர்லோவைப் பார்த்து. காளை ஓட்டுகிற பையன்கள் கதவு திறக்கும் முன் தேடியது வெர்லினை.

வெர்லினுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் காளைகளை நிறுத்தியிருக்கும் அடைப்புகளுக்குப் பின்னால் போய், கயிற்றில் மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவனிடமும் "எந்தக் கை?" என்று கேட்பார். கையுறை மாட்டிய கையை அவன் நீட்டுவான். விரல் முட்டியால் அதில் இரண்டு தட்டு தட்டுவார். அவ்வளவுதான். காளையின் மார்பைச் சுற்றிய கயிற்றில் அந்த ஒரு கை மட்டும்தான் இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கும். உடம்பு ஒரு பக்கம் விழுந்து கை கயிற்றிலேயே மாட்டிக்கொண்டால், மாட்டின் ஓரத்தில் கந்தல் துணிபோல் தொங்க வேண்டியதுதான். யாராவது ஓடிவந்து அதன் தோள்மேல் எம்பி, கயிற்றின் வாலைப் பிடித்து உருவினால்தான் விடுதலை. எந்தக் கை என்று தெரிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரியும். அந்த இரண்டு தட்டு, 'நான் வருவேன்' என்பதற்கு.

ஆனால் எப்போது வரலாம் என்பதற்கு விதி உண்டு. ஓட்டுகிறவன் மேலே உட்கார்ந்திருக்கும்வரை, ஹாரன் அடிக்கும்வரை, கோமாளி காளையைத் தொடக் கூடாது, குறுக்கே போகக் கூடாது. போனால் அவனுடைய ஓட்டம் கெட்டுவிடும். எட்டு நொடி. அதற்குப் பிறகுதான் வெர்லினின் நேரம் தொடங்கும். அந்த எட்டைத் தீர்மானிப்பது என் கட்டைவிரல்.

1986இல் ஏப்ரல் மாதம் தெற்கு டகோட்டா எல்லையில் ஒரு சின்ன ரோடியோவில் ஒரு காளை தலையை உதறியபோது கொம்பின் பக்கவாட்டு அவர் இடது கண்ணில் பட்டது. ரத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஓமஹாவில் டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, "இதில் இனிமேல் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது," என்றார். நான்கு மணி நேரம் காரில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது வெர்லின் சொன்னார்:

"யாருக்கும் தெரிய வேண்டாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"சீட்டுல ஒரு தடவையாவது ஜெயிக்கிற வரைக்கும்."

ஆண்டுக் கடைசியில் மாநிலப் போட்டிக்கு இரண்டு கோமாளிகளை எடுப்பார்கள். எடுப்பது நிர்வாகிகள் இல்லை, காளை ஓட்டுகிறவர்கள்தான். ஒவ்வொருவனும் சீட்டில் பெயர் எழுதிப் போடுவான். 'இவன் நின்றால் நான் ஏறுவேன்' என்று அர்த்தம். அந்த வேலையில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பதினெட்டு வருடத்தில் வெர்லினின் பெயர் மூன்று முறை மூன்றாவதாக வந்தது. ஒருமுறைகூட இரண்டுக்குள் வரவில்லை.

இடது கண்ணைச் சுற்றிப் பெரிய கறுப்பு நட்சத்திரம் வரைந்துகொள்ள ஆரம்பித்தார். எல்லோரும் புது வேஷம் என்று நினைத்தார்கள். காளையை எப்போதும் வலது கண்ணில் வைத்துக்கொள்வதற்காகத் தலையைச் சேவல்போல் சாய்த்துச் சாய்த்து ஓடினார். அதற்கும் சிரித்தார்கள். சாலைச் சந்திப்புகளில் இடது பக்கம் நான் குனிந்து பார்த்து "போகலாம்" என்பேன். ஆர்லோவுக்குக்கூடத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. அவ்வளவு நாளும் நான் மேடையில் உட்கார்ந்து அவருடைய இடது பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலையில் ஒருமுறை செம்மறை நிறக் காளை ஒன்று அந்தப் பக்கமாக வந்து தோளை உரசிக்கொண்டு போனது. அது கடந்துபோன பிறகுதான் வெர்லின் திரும்பினார். கூட்டம் கைதட்டியது. துணிச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

1988 ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. மழையே இல்லாத வருடம். களத்து மண் மாவாகப் பறந்தது. சீட்டுப் போடுவதற்கு முந்தைய கடைசி ரோடியோ அது. எங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து அதில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைந்துகொண்டிருந்தார். அன்றைய பட்டியல் என் கையில் இருந்தது.

"கெய்லனுக்கு டீக்கன் விழுந்திருக்கு," என்றேன்.

டீக்கன் மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட காளை. ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும். முப்பத்தெட்டு முறை வெளியே வந்து முப்பத்தெட்டு பேரையும் எட்டுக்குள் இறக்கியிருந்தது.

"தெரியும்."

"அது இடது பக்கம் சுத்தும்."

"அதுவும் தெரியும்."

"இன்னைக்கு முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லிடு வெர்லின். ஆர்லோவோட மச்சான் நிக்கட்டும்."

"இன்னைக்கு நான் நிக்கலைன்னா சீட்டுல யார் பேரை எழுதுவாங்க, டீச்சரம்மா?"

"இல்லாத கண்ணை இருக்குன்னு நம்பித்தானே எழுதப் போறாங்க? அது உனக்கு எழுதுன சீட்டா?"

கறுப்பு மைக்குச்சி அந்தரத்தில் நின்றது. நான் சொன்னது உள்ளே இறங்கியதைப் பார்த்தேன். பிறகு நட்சத்திரத்தின் கடைசி முனையையும் வரைந்து முடித்தார்.

"நீ கடிகாரத்தைப் பாரு. காளையை நான் பாத்துக்கிறேன்."

பட்டியலின் நகலைக் கொடுக்க அடைப்புகளுக்குப் பின்னால் போனபோது வெர்லின் கையுறைகளைத் தட்டிக்கொண்டு வந்தார். கெய்லன் யோஸ்ட்டுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என்னிடம் அல்ஜீப்ரா படித்தவன். வகுப்பில் ஓர் இடத்தில் உட்காராதவன் காளைமேல் மட்டும் அசையாமல் உட்காருவான்.

"கெய்லன், எந்தக் கை?"

"மூணு வருஷமா இதையே கேக்குறியே பெருசு. இடதுதான்."

"நேத்து டான்ஸ்ல நீ ஆடுனதைப் பாத்தேன். கை எது கால் எதுன்னு உனக்கே தெரியல. அதான் கேட்டுக்கிட்டேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கெய்லன் விடவில்லை. "நீ ஏன் ரெண்டு வருஷமா சேவல் மாதிரி தலையைச் சாய்ச்சுக்கிட்டுத் திரியுற?"

பீப்பாயை உருட்டிக்கொண்டு போன ஆர்லோ, "பொட்டைக்கோழி எங்கயாவது நிக்குதான்னு தேடுறான். டீச்சர் வர்றாங்க, சும்மா இரு," என்றார்.

வெர்லினும் சிரித்தார். கெய்லனின் கையுறையில் இரண்டு தட்டு தட்டினார். கெய்லனின் சிரிப்பு அப்போதுதான் அடங்கியது. "பெருசு, இன்னைக்கு இதை உக்காந்து காட்டிட்டேன்னா என் சீட்டுல உன் பேருதான்," என்று தணிந்த குரலில் சொன்னான்.

மேடையில் இரண்டு கடிகாரக்காரர்கள் இருக்க வேண்டும். இரண்டாவது பெண் அன்று வரவில்லை. சின்ன ரோடியோ, யாரும் பெரிதுபடுத்தவில்லை. நான் மட்டும் இருந்தேன். வலது கையில் கடிகாரம், இடது கை ஹாரன் பொத்தான்மேல்.

டீக்கன் கடைசிக் காளை. கெய்லன் அடைப்புக்குள் இறங்கிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தலையை ஆட்டினான். கதவு திறந்தது. கடிகாரத்தை அழுத்தினேன்.

பதினேழு வருடமாக எனக்கு ஒரு முறை உண்டு. கடிகாரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அதன் விளிம்புக்கு மேலே களத்தைப் பார்ப்பேன். ஐந்தில் பார்வையை எண்ணுக்கு இறக்கிவிடுவேன். பிறகு களத்தில் வானமே இடிந்து விழுந்தாலும் எண்ணைவிட்டு எடுக்க மாட்டேன்.

டீக்கன் நேராக இரண்டு பாய்ச்சல் பாய்ந்தது. மூன்றாவதில் இடது பக்கம் சுழல ஆரம்பித்தது. வெர்லின் அதை வலது கண்ணில் வைத்துக்கொள்ளச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டியிருந்தது. காளை ஒரு அடி வைத்தால் இவர் மூன்று அடி. ஒருமுறை தடுமாறினார். ஊன்றிக்கொண்டார். மறுபடி ஓடினார். அவர் கால்களையே பார்த்தேன். இடது, வலது, இடது. காளையின் பின்புறம் சுழன்று வந்து அவருடைய இருட்டான பக்கத்துக்குள் நுழைந்தது, வெளியே போனது, மறுபடி நுழைந்தது. திரும்பு வெர்லின், திரும்பு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கெய்லன் இன்னும் மேலே இருந்தான். கூட்டம் எழுந்து நின்றது. அறிவிப்பாளர் ஏதோ கத்தினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அப்போது வெர்லின் நின்றார்.

ஓடும் காளைக்குப் பத்தடி தூரத்தில் அப்படியே நின்று, முகத்தைத் தூக்கி மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வரைந்த சிவப்பு வாய் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்த உண்மையான வாய் இறுகி மூடியிருந்தது.

அவர் ஏன் பார்க்கிறார் என்று புரிந்தபோது கையைப் பார்த்தேன். கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது.

அந்த நேரத்துக்குள் டீக்கன் சுழற்சியை மாற்றி எதிர்ப்பக்கம் உதறியது. எட்டு நொடிக்கு மட்டுமே இருந்த பலத்தைப் பத்து நொடிக்கு இழுத்துப் பிடித்திருந்த பையன் வலது பக்கமாகச் சரிந்தான். கை வரவில்லை. அவன் தொங்க ஆரம்பித்த பிறகுதான் என் ஹாரன் அடித்தது.

வெர்லின் ஓடினார். அரை நொடி பிந்திவிட்டார். கண்ணால் அல்ல, என்னைப் பார்க்கத் திரும்பியதால். ஆர்லோ பீப்பாயிலிருந்து தாவி வெளியே வந்து தொப்பியைக் காளையின் முகத்தில் அடித்தார். வெர்லின் எம்பினார், காளையின் தோள்பட்டை அவரைத் தூக்கி எறிந்தது. மண்ணில் உருண்டு எழுந்து மறுபடி எம்பினார். இந்த முறை ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரும் தொங்கினார். ஒரு பக்கம் கெய்லன், மறுபக்கம் வெர்லின், நடுவில் அந்த மஞ்சள் முதுகு. ஒரு சுற்று. இரண்டு சுற்று. வளைந்த கொம்பு அவர் இடுப்பில் திரும்பத் திரும்ப இறங்கியது. மூன்றாவது சுற்றில் கயிற்றின் வால் அவர் விரலில் சிக்கியது. இழுத்தார். கெய்லன் விழுந்தான். வெர்லின் அவன்மேல் விழுந்து கிடந்தார். டீக்கன் இரண்டு பேரையும் தாண்டும்போது பின்காலை வெர்லினின் விலாவில் வைத்துவிட்டுப் போனது.

அறிவிப்பாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"எவ்ளோ லோர்னா?"

கடிகாரத்தில் 10.75 என்று நின்றிருந்தது. ஹாரனோடு சேர்த்து அதையும் நிறுத்துவது கையின் பழக்கம்.

"ஏழு புள்ளி ஒன்பது," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையில் யோசித்தேன். எட்டுக்கு ரொம்பக் குறைத்துச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று அந்த ஒரு கணத்தில் கணக்குப் போட்டேன். "ஏழு புள்ளி ஒன்பது, மக்களே! மயிரிழையில் தப்பியது டீக்கன்!" என்று அறிவிப்பாளர் கத்தினார். ஐயோ என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது.

மருத்துவமனையில் இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு திரை. கெய்லனின் முழங்கை மூன்று இடத்தில் உடைந்திருந்தது. ஊசி போட்டும் கத்திக்கொண்டிருந்தான்.

"எட்டு தாண்டிடுச்சு! எனக்குத் தெரியும்! அந்தக் கடிகாரத்தை எடுத்துட்டு வரச் சொல்லுங்க!"

"எல்லாக் காளைமேலயும் அப்படித்தான்டா இருக்கும்," என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். ஆனால் காலையில் ரோடியோ கமிட்டிக்காரர்கள் வந்து பேசுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காளை ஓட்டும் பையன்களும் வருவதாக இருந்தது.

வெர்லினுக்கு நான்கு விலா எலும்பு முறிந்திருந்தது. முகத்து வெள்ளையைப் பாதிதான் துடைத்திருந்தார்கள். என் பக்கம் தலையைத் திருப்பி உள்ளங்கையை நீட்டினார். மேல்சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். இன்னும் அப்படியே இருந்தது. நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"நான் பத்து வரைக்கும் எண்ணினேன்," என்று மெல்லச் சொன்னார். "அப்புறம்தான் உன்னைப் பாத்தேன். மயக்கம் போட்டு விழுந்துட்டியோன்னு நினைச்சேன்."

"நான் போய்ச் சொல்லிடுறேன் வெர்லின்."

"சொல்லு. ஏன் கடிகாரத்தைப் பாக்கலன்னு கேப்பாங்க."

"உன்னைப் பாத்துட்டு இருந்தேன்னு சொல்றேன்."

"ஏன் என்னைப் பாத்துட்டு இருந்தன்னு கேப்பாங்க. எந்த வழியா சுத்துனாலும் என் கண்ணுலதான் வந்து நிக்கும்." பேசப் பேச மூச்சு முட்டியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அதுல ஒருத்தர் விழுந்தாப் போதும். ரெண்டு பேர் எதுக்கு? நீ பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்குறவ."

பிறகு பொத்தானை அழுத்தினார். எண்கள் பூஜ்யமாயின. கடிகாரத்தை என் கையில் திருப்பி வைத்தார்.

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அவர் சொன்னார் என்பதற்காக அல்ல, எனக்குப் பயம். அந்தப் பயத்தை அவர் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

காலையில் ஏழெட்டுப் பேர் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கமிட்டித் தலைவர் கடிகாரத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தார். வெர்லின் முந்திக்கொண்டார்.

"என் இடது கண்ணு போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கெய்லன் விழுந்ததை நான் பாக்கல. அதான் லேட்டு."

திரைக்கு அந்தப் பக்கம் கெய்லனின் கத்தல் நின்றது. ஆர்லோதான் முதலில் பேசினார்.

"ரெண்டு வருஷமா?"

"ஆமா."

"என்கிட்டகூடச் சொல்லலையேடா."

ஆர்லோ தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் போனார்கள். கடிகாரத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருவனும் அந்த இரண்டு வருடத்தில் தான் ஏறிய காளைகளை எண்ணிக்கொண்டிருந்தான். எத்தனை முறை நம்மைக் குருட்டுப் பக்கத்தில் விட்டிருந்தான் என்று.

அந்த வருடம் சீட்டில் அவர் பெயர் ஒன்றுகூட விழவில்லை.

பிறகு முப்பத்து நான்கு வருடம் மாட்டுச் சந்தைக் கொட்டகையில் கன்றுகளைப் பிரித்து விடும் வேலை பார்த்தார். "வெர்லின், இன்னைக்கு எந்தக் கண்ணு டூட்டி?" என்று சின்னப் பையன்கள்கூடக் கேட்பார்கள். "ரெண்டுக்கும் லீவுடா, மோப்பம் பிடிச்சுத்தான் பிரிக்கிறேன்," என்பார். பழைய ரோடியோ ஆட்கள் வருடத்துக்கொரு முறை கூடிக் காலை உணவு சாப்பிடுவார்கள். அவரைக் கூப்பிட்டதில்லை. ஆர்லோ வழியில் பார்த்தால் தலையாட்டுவார், வண்டியை நிறுத்த மாட்டார். டீக்கன் அடுத்த வருடம் ஓய்வுபெற்றது. ஊர் உணவு விடுதிச் சுவரில் அதன் படம் மாட்டியிருக்கிறது. கீழே, 'நாற்பத்தொரு பேர் ஏறினார்கள், எட்டு நொடி ஒருவரும் இல்லை' என்று எழுதியிருக்கும். வெர்லின் எப்போதும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவார். நானும்தான். இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. போன செவ்வாய்க்கிழமை கன்றுகளுக்குத் தீவனம் போட்டுவிட்டு வேலிக் கதவைச் சாத்தும்போது இதயம் நின்றுவிட்டது. கதவைச் சாத்திக் கொக்கியும் போட்டிருந்தார்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி ரொட்டி, உருளைக்கிழங்கு, யாரோ சுட்ட, பிளம் பழம் வைத்த கொலாச்சி பன். கெய்லன் யோஸ்ட் காப்பிக் கோப்பையோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஐம்பத்தாறு வயது. இடது முழங்கை மடங்கியபடியே இருக்கும், நீளாது. அதற்குப் பிறகு அவன் காளை ஏறவில்லை. தீவன லாரி ஓட்டுகிறான்.

"டீச்சர், நான் வர்றதா இல்ல. பொண்டாட்டிதான் தள்ளி விட்டா."

"வந்தது சந்தோஷம் கெய்லன்."

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அவர் மேல எனக்கு ரொம்ப வருஷம் கோவம். இன்னைக்கு அதை இங்கயே விட்டுட்டுப் போயிடறேன்." கோப்பையைச் சுற்றினான். "அன்னைக்குத் தொங்கிட்டு இருந்தப்போ என் கையில ரெண்டு தட்டு விழுந்துச்சு. அந்தக் களேபரத்துல தட்டுறாரு. வந்துட்டார்னு தெரிஞ்சுது. லேட்டா வந்தாலும் வந்தாரு இல்ல?"

மன்னிப்பு சொல்லிவிட்டு எழுந்து போகத்தான் வந்திருந்தான். நான் தலையாட்டியிருந்தால் போதும்; எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். வெர்லினின் சவப்பெட்டியோடு அந்தப் பொய்யும் மண்ணுக்குள் போயிருக்கும், அவர் பெயரின் மேல் ஏறி உட்கார்ந்தபடியே.

"அவர் லேட்டா வரல," என்றேன். "ஹாரன்தான் லேட்டு. நான் கடிகாரத்தைப் பாக்கல. அவரைப் பாத்துட்டு இருந்தேன்."

கோப்பை சுற்றுவது நின்றது.

"எவ்ளோ லேட்டு?"

"பத்தே முக்கால்ல அடிச்சேன். நீ விழுந்தப்போ பத்து தாண்டியிருந்துச்சு."

"ஏழு புள்ளி ஒன்பதுன்னு..."

"அது நான் சொன்ன நம்பர். கடிகாரம் சொன்னது இல்ல."

பக்கத்து மேசையில் யாரோ பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கெய்லன் தன் முழங்கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏன் டீச்சர் ஏழு புள்ளி ஒன்பது? நாலுன்னு சொல்லியிருக்கலாமே. அஞ்சுன்னு சொல்லியிருக்கலாமே. மறந்து தொலைச்சிருப்பேன். அந்த ஒரு புள்ளியை முப்பத்து நாலு வருஷமா தேடிட்டு இருக்கேன். காலை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தா, தலையைக் கொஞ்சம் குனிஞ்சிருந்தான்னு."

கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அப்போ நான் டீக்கனை ஓட்டிட்டேன்."

"ஓட்டிட்ட."

"அவருக்குத் தெரியுமா?"

"எண்ணிட்டு இருந்தார். தெரியும்."

எழுந்து நின்றான். தொப்பியை எடுத்தான், போட்டுக்கொள்ளவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வந்தேன். இப்ப யாரை எதுக்கு மன்னிக்கிறதுன்னே தெரியல."

"என்னை மன்னிக்கச் சொல்லல கெய்லன்."

"மன்னிக்கல," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "வாயால சொன்னா கிழவி துக்கத்துல உளறுறான்னு சொல்லுவாங்க. எழுதுங்க. கையெழுத்து போட்டு எழுதுங்க. ஆர்லோ உயிரோட இருக்கும்போதே படிக்கணும். அந்தப் படத்துக்குக் கீழ நானே போய் ஒட்டுறேன்."

படியேறிப் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாரிக்குள் ஏறி உட்கார்ந்தவன் வெகுநேரம் வண்டியைக் கிளப்பவில்லை. இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கி, விரல்களைக் கயிற்றைப் பிடிப்பதுபோல் மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே எழுதுகிறேன். 1988 ஆகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிறு, எங்கள் கவுன்டி ரோடியோவில் டீக்கன் என்ற காளையைக் கெய்லன் யோஸ்ட் இடது கையால் பிடித்துப் பத்து நொடிக்கு மேல் ஓட்டினான். சுவரில் எழுதியிருப்பது தவறு. அவன் முழங்கை உடைந்ததற்குக் காரணம் வெர்லின் குசேராவின் கண் இல்லை. அவர் எட்டையும் எண்ணினார், ஒன்பதையும் எண்ணினார், பத்தையும் எண்ணினார், விதிப்படி ஹாரனுக்காகக் காத்து நின்றார். ஹாரன் வரவில்லை.

கடிகாரம் பிடித்தவள்,
லோர்னா குசேரா